பழக் குச்சி ஐஸ்: வீட்டுத் தயாரிப்பு

பழச்சாற்றையோ பழக்கூழையோ அச்சில் ஊற்றி, குச்சி செருகி, உறைய வைத்து உண்ணும் பண்டம் பழக் குச்சி ஐஸ். ஐஸ்கிரீமைப் போல இதைக் கடைய வேண்டியதில்லை, கொழுப்பும் தேவையில்லை. ஃபிரீசர் உள்ள எந்த வீட்டிலும் கோடை விடுமுறையில் பிள்ளைகளே பாதி வேலையைச் செய்துவிடலாம். இலங்கைத் தமிழர் இதை ஐஸ்பழம் என்பர். மலேசியாவில் குச்சி இல்லாமல், ஒல்லியான பிளாஸ்டிக் உறையில் உறைய வைப்பது வீட்டு வழக்கம். மெக்சிகோவில் இதன் பெயர் பலேத்தா. அங்கே மிச்சோவகான் மாநிலத்து டொகும்போ என்னும் சிற்றூரார் பிழைப்புக்காகப் பல நகரங்களுக்கும் போய் பலேத்தாக் கடை வைத்தனர். ஊர் நுழைவாயிலில் பெரிய பலேத்தாச் சிலையே நிறுத்தியிருக்கிறார்கள்.

வரலாறு

பனிக்கட்டி ஒரு காலத்தில் அரண்மனைப் பொருள். அக்பர் காலத்தில் வெடியுப்பைக் கொண்டு தண்ணீரைக் குளிர வைத்ததையும், வட மலைகளிலிருந்து லாகூருக்குப் பனி வந்ததையும் அபுல் பசல் தம் அயினி அக்பரியில் எழுதியிருக்கிறார். 1833-இல் பிரடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அந்தச் சரக்கு சென்னைக்கும் வந்தது. 1842-இல் கடற்கரையோரம் அதற்கெனக் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். இன்று விவேகானந்தர் இல்லம். இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யத் தொடங்கியபின் அந்தக் கப்பல் வாணிபம் படுத்துவிட்டது.

குச்சி ஐஸைக் கண்டுபிடித்தவராகச் சொல்லப்படுபவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஃபிராங்க் எப்பர்சன். 1905-இல், பதினோரு வயதில், சோடாப் பொடி கரைத்த தண்ணீரைக் கலக்கிய குச்சியோடு இரவில் வெளியே வைத்து மறந்துவிட்டதாகவும், காலையில் அது உறைந்து கிடந்ததாகவும் அவர் சொல்லிவந்தார். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர்வது அபூர்வம். கதையை அப்படியே நம்ப மனம் வருவதில்லை. ஆனால் 1924-இல் அவர் பெற்ற காப்புரிமை ஆவணமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் குச்சி ஐஸ் சைக்கிளின் பின்னால் கட்டிய பெட்டியில் தெருத்தெருவாக வந்தது: பால் ஐஸ், சேமியா ஐஸ், ஜவ்வரிசி ஐஸ், திராட்சை ஐஸ்.

உறையும் விதம்

வீட்டில் செய்த ஐஸைப் பற்றிய குறைகள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, கல்லாக இறுகிப் பல்லுக்கு இடம் கொடுப்பதில்லை. மற்றது, பிள்ளை நாலு முறை உறிஞ்சியதும் நிறமும் இனிப்பும் போய் வெள்ளைப் பனிக்கட்டி மட்டும் கையில் நிற்கிறது. இரண்டுக்கும் காரணம் தண்ணீர் உறையும் விதமே.

தண்ணீர் படிகமாகும்போது தன் மூலக்கூறுகளைத் தவிர வேறெதையும் உள்ளே சேர்ப்பதில்லை. சர்க்கரை, புளிப்பு, நிறம் எல்லாம் படிகங்களுக்கு வெளியே தள்ளப்பட்டு, இடுக்குகளில் கெட்டிப் பாகாகத் தேங்குகின்றன. ஃபிரீசரின் வெப்பநிலை வழக்கமாக மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரிலும் இந்தப் பாகு முழுதாக உறைவதில்லை. நூறு கிராம் கலவையில் 20 கிராம் சர்க்கரை இருந்தால், கால் பங்குக்கு மேல் உறையாத பாகாகவே நிற்கும். அதனால்தான் ஐஸ் கடிக்க வருகிறது. சர்க்கரையே இல்லாத தண்ணீர் முழுவதும் உறைந்து கல்லாகிவிடும். ஆகவே இங்கே சர்க்கரை சுவைக்கு மட்டுமல்ல, மென்மைக்கும் பொறுப்பு. பெரியவர்கள் ‘பிள்ளைக்கு நல்லது’ என்று இனிப்பை அடியோடு விட்டுவிட்டுத் தர்பூசணிச் சாற்றை மட்டும் உறைய வைத்தால், கிடைப்பது சிவப்புக் கல்.

உறிஞ்சும்போது நிறம் ஓடுவதும் அந்தப் பாகினால்தான். மெதுவாக உறைந்தால் படிகங்கள் பெரிதாகின்றன, இடையிலுள்ள வழிகளும் அகலமாகின்றன. பாகு எளிதில் வாய்க்கு வந்துவிடுகிறது. சாற்றில் நார்க்கூழோ மாவுச்சத்தோ இருந்தால் அது பாகைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தெரு ஐஸில் ஜவ்வரிசியும் சேமியாவும் வந்ததற்கு வயிறு நிறைவது மட்டும் காரணமாக இருக்காது. வடிகட்டிய சாற்றைவிட அரைத்த கூழ் எப்போதும் மேல் என்பதே இந்தப் பண்டத்தின் முதல் விதி.

குளிரில் நாக்கு இனிப்பை மங்கலாகவே உணரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஊற்றுமுன் சுவைத்துப் பார்க்கும்போது ஒரு பிடி கூடுதலாக இனித்தால், உறைந்தபின் சரியாக இருக்கும்.

பழங்கள்

மாம்பழமே இதற்கென்று பிறந்தது. கூழ் கெட்டி, இனிப்பு தாராளம், புளிப்பும் உண்டு. பங்கனப்பள்ளியோ மல்கோவாவோ நன்கு கனிந்திருந்தால் சர்க்கரையே வேண்டாம், கொஞ்சம் பாலோ தயிரோ போதும். வாழைப்பழமும் சப்போட்டாவும் தாமே இனிப்பு. மற்றப் பழங்களில் சர்க்கரைக்குப் பதிலாக இவற்றைக் கலக்கலாம். வாழை கறுக்காமலிருக்க எலுமிச்சைச் சாறு சில துளி விட வேண்டும். வாழைத் துண்டுகளை உறைய வைத்து மிக்ஸியில் அடித்தால், குச்சியே இல்லாமல் ஐஸ்கிரீம் பதத்தில் வரும்.

தர்பூசணியில் சர்க்கரை நூற்றுக்கு எட்டு, பத்துப் பங்குதான். ஒரு லிட்டர் கூழுக்கு 80 கிராம் சர்க்கரையும் அரை மூடி எலுமிச்சையும் சேர்த்தால் கடிக்கும் பதம் கிடைக்கும். 60 மில்லி கொள்ளும் ஓர் அச்சுக்கு அது சுமார் ஒரு டீஸ்பூன் சர்க்கரை. கிர்ணிக்கும் கிட்டத்தட்ட இதே கணக்கு.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைத் தோலோடு வேக வைத்து வடித்தால் நல்ல நிறம் வரும். அதில் பாலை ஊற்றினால் சாம்பல் கலந்த ஊதாவாக மாறும். கெட்டுப்போனதல்ல, தோலின் நிறமி புளிப்பு குறைந்ததும் நிறம் மாறும் இயல்புடையது. நாவல் பழத்துக்கும் இதே குணம், நாக்கை ஊதாவாக்கும் வித்தை கூடுதல். பிள்ளைகளிடம் அதற்கே கிராக்கி. அன்னாசியைப் பச்சையாகப் பாலில் சேர்க்கக் கூடாது. அதிலுள்ள புரோமிலைன் என்ற நொதி பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கும்; ஒரு கொதி விட்டால் நொதி செயலிழக்கும். நுங்கை முழுசாக உறைய வைத்தால் அதன் வழுவழுப்பு போய் இறுகிவிடுகிறது. பொடியாக நறுக்கி, சர்க்கரை சேர்த்த இளநீரில் போட்டு உறைய வைப்பது ஓரளவு தேறும். ஆனாலும் நுங்கு பச்சையாகத் தின்பதற்கே உரியது.

செய்முறை

பழத்தைக் கழுவி, கொட்டையும் விதையும் நீக்கி அரைக்க வேண்டும். தண்ணீர் வேண்டுமானால் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டுமே. உறைய வைப்பது கிருமிகளின் பெருக்கத்தை நிறுத்துமே தவிர அவற்றைக் கொல்லும் என்று நம்ப முடியாது. மீன் சந்தைக்கும் தொழிற்கூடத்துக்கும் வரும் பாளப் பனிக்கட்டியை உடைத்துச் சேர்ப்பது கூடவே கூடாது.

அச்சு வாங்காவிட்டாலும் குறையில்லை. சிறிய எவர்சில்வர் டம்ளர் பிளாஸ்டிக்கைவிட விரைவாகக் குளிரைக் கடத்தும். விரைவாக உறைந்தால் படிகம் சிறிதாகும். உறையும் தண்ணீர் ஒன்பது சதவீதம் விரிவதால் விளிம்புக்குக் கீழே ஒரு விரல் இடம் விட வேண்டும். கலவையை முதலில் ஃபிரிட்ஜில் குளிர வைத்துவிட்டு ஃபிரீசருக்கு மாற்றுவது நல்லது. ஒரு மணி நேரம் கழித்து, குழைவாக இறுகியிருக்கும்போது குச்சியைச் செருகினால் சாயாமல் நிற்கும். மரக்குச்சிதான் வசதி; ஐஸ்கிரீமுக்கான பிளாஸ்டிக் குச்சிகளுக்கு இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் தடை உள்ளது. ஐந்தாறு மணி நேரத்தில் உறைந்துவிடும். டம்ளரைக் குழாய்த் தண்ணீரில் அரை நிமிடம் அமிழ்த்தினால் ஐஸ் கழன்று வரும். அமிழ்த்தாமல் குச்சியைப் பிடித்து இழுத்தால் குச்சி மட்டுமே வரும்.

ஃபிரீசர் இல்லாத இடத்தில் மூன்று பங்கு நொறுக்கிய பனிக்கட்டியோடு ஒரு பங்கு கல்லுப்பைக் கலந்து, அதற்குள் டம்ளரை வைக்கலாம். உப்பு பனிக்கட்டியை உருக்கும்போது கலவையின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே இறங்குகிறது. வெறும் கையால் அதைத் தொட்டால் தோல் புண்ணாகும். பிள்ளைகள் துணி சுற்றிய கையோடுதான் அருகில் வரவேண்டும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் தரக் கூடாது. பொட்டுலிசம் என்ற கடும் நச்சுப் பாதிப்பு வரக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஐஸில் முழுத் திராட்சை இருக்கக் கூடாது. நீளவாக்கில் நான்காக வெட்டினாலொழிய மூச்சுக்குழலை அடைக்கும். குச்சியை வாயில் வைத்துக்கொண்டு ஓட விடக் கூடாது. ஃபிரீசரிலிருந்து எடுத்த கையோடு கொடுத்தால் உதட்டிலும் நாக்கிலும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடம் வெளியே இருக்கட்டும். அவசரமாகத் தின்றால் நெற்றிப் பொட்டில் சுருக்கென்று வலிக்கும்; மேலண்ணம் திடீரெனக் குளிர்வதால் வருவது, சற்று நேரத்தில் போய்விடும்.

ஐஸ் தின்றால் சளி பிடிக்கும் என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. சளிக்குக் காரணம் வைரஸ். டான்சில் அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைக்கு மருத்துவர்களே ஐஸ் கொடுக்கச் சொல்வதுண்டு. சளியைவிடப் பல்லைப் பற்றிக் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது: இனிப்பும் புளிப்பும் சேர்ந்த ஒன்றை அரை மணி நேரம் சப்பிக்கொண்டே இருப்பது பற்சிதைவுக்கு வழி. தின்று முடித்ததும் வாய் கொப்பளிக்க வைக்கலாம்.

சேமிப்பு

மூடாமல் வைத்த ஐஸ் ஃபிரீசரிலேயே ஈரம் இழந்து, மேலே நரைத்து, பக்கத்திலிருக்கும் பொருள்களின் வாடையையும் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி மூடிய டப்பாவில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் சுவை மாறாது. மின்வெட்டில் பாதி உருகி மீண்டும் உறைந்தால் படிகம் பெருத்து நறநறக்கும். முழுதும் உருகி வெதுவெதுப்பாகிவிட்ட பால் கலவையைக் கொட்டிவிட வேண்டும். வெறும் பழக்கலவை குளிர்ச்சி போகாமல் இருந்தால் அப்போதே சாறாகக் குடித்துவிடலாம்.