பச்சை விளக்கும் செத்துப்போன லைனும்

நெட் வரலைன்னு போன் பண்ணினால் முதல் கேள்வி இப்படித்தான் இருக்கும். "சார், பெட்டியில பச்சை விளக்கு எரியுதா?" எரியுதுங்க. "அப்ப லைன் நல்லாத்தான் இருக்கு சார், ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." இந்த உரையாடலை அனுபவிக்காத பதிவர் யாராவது இருந்தால் கையைத் தூக்கவும்.

நான் போனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதே வசனத்தைப் பேசியவன். அதனால் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடுதான் இந்தப் பதிவு.

2009, இரவு ஷிஃப்ட். ஊர் பேர், கம்பெனி பேர் எல்லாம் வேண்டாம். ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு அலுவலகங்கள், நடுவில் நாங்கள் கொடுத்த ஈதர்நெட் லைன். அது போனால் பயன்படுத்த இன்னொரு சின்ன லைனும் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார்கள். ராத்திரி 2 மணிக்கு மேல் நடுவழியில் எங்கேயோ ஃபைபர் அறுந்துவிட்டது. அந்தத் துண்டு நாங்கள் வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்தது. வாடிக்கையாளரின் ரவுட்டர் பேசிக்கொண்டிருந்ததோ பக்கத்து அறையில் இருந்த எங்கள் பெட்டியோடு. அந்த 3 மீட்டர் கேபிள் பிரமாதமாக வேலை செய்தது. போர்ட் "அப்". இரண்டு முனையிலும் பச்சை. எனவே ரவுட்டர் விசுவாசமாக எல்லா பாக்கெட்டையும் செத்த லைனிலேயே தள்ளிக்கொண்டிருந்தது. பேக்கப் லைன் பக்கத்திலேயே சும்மா தூங்கியது. அவர்கள் போன் செய்தபோது நான் திரையைப் பார்த்துவிட்டு "எங்க சைடு எல்லாம் பச்சையா இருக்கு சார்" என்று சொல்லி டிக்கெட்டை மூடினேன். விடிந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கிட்டத்தட்ட நாலு மணி நேரம்.

திட்டு வாங்கியதை விடுங்கள். "லைன் அறுந்தது லைனுக்கே தெரியாதா?" என்று மேலதிகாரி கேட்ட கேள்விதான் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. அதைத் தோண்டப் போனால் ரயில் தண்டவாளத்தில் போய் நின்றேன்.

அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்று ஒருவர். 1870ல் ரயில்களுக்குத் தானியங்கி சிக்னல் செய்தார். ரயில் வந்தால் ஒரு மின்சுற்று மூடும், சிக்னல் 'ஆபத்து' காட்டும். நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் மனுஷனுக்கு ஒரு சந்தேகம். கம்பி அறுந்திருந்தால்? பாட்டரி தீர்ந்திருந்தால்? ரயில் வந்தாலும் சுற்று மூடாது, சிக்னல் 'வரலாம்' என்றே காட்டும்! அப்படியே தலைகீழாகத் திருப்பினார். எப்போதும் தண்டவாளத்தில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கட்டும், அது ஓடும்வரைதான் 'வரலாம்'. ரயில் சக்கரம் குறுக்கே வந்தாலும், கம்பி அறுந்தாலும், பாட்டரி செத்தாலும் ஒரே விளைவு: மின்சாரம் நின்றுபோகும், 'ஆபத்து' விழும். 1872ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். மௌனத்தையே செய்தியாக மாற்றிய ஐடியா. இதற்குப் பிறகு நான் சொல்லப்போகும் எல்லாமே இதன் பேரப்பிள்ளைகள்தான்.

அடுத்து தொலைபேசிக்காரர்கள். 1962ல் பெல் நிறுவனம் டி1 என்ற டிஜிட்டல் லைனைக் கொண்டுவந்தது. ஒரே லைனில் 24 பேச்சு, நொடிக்கு 1.544 மெகாபிட். இதில் அலாரங்களுக்குக் கலர் வைத்திருந்தார்கள். எனக்கு வரும் சிக்னல் குப்பையாக இருந்தால் என் பெட்டியில் சிவப்பு. உடனே நான் எதிர்முனைக்கு "நீ அனுப்புறது எனக்கு வரலைப்பா" என்று சொல்ல வேண்டும், அது மஞ்சள். மூன்றாவது நீலம், இதுதான் எனக்குப் பிடித்தது. நடுவில் இருக்கும் ஒரு பெட்டிக்கு மேலிருந்து சிக்னல் வரவில்லை என்றால், அது கீழே இருப்பவர்களுக்கு வெறும் 1, 1, 1 என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். "கோளாறு உன்கிட்ட இல்லை, எனக்கும் மேலே. நீ கத்தாதே" என்று அர்த்தம். இதன் முறையான பெயர் ஏ.ஐ.எஸ்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அலாரம் திரை முன்னால் உட்கார்ந்தவனுக்குத்தான் புரியும். ஒரு கேபிள் அறுந்தால் அதன் வழியே போகும் அத்தனை லைனும் சேர்ந்து கத்த ஆரம்பித்தால், எது நோய் எது அறிகுறி என்று கண்டுபிடிக்கவே விடிந்துவிடும். ஏ.ஐ.எஸ் வந்தால் அறிகுறிகள் வாயை மூடிக்கொள்ளும்.

1988ல் சோனெட், எஸ்.டி.எச் தரங்கள் வந்தபோது இந்தப் பழக்கமெல்லாம் இன்னும் கெட்டிப்பட்டது. வளையமாக ஃபைபர் போட்டு, ஒரு பக்கம் அறுந்தால் 50 மில்லிசெகண்டுக்குள் மறுபக்கம் திருப்பிவிடுவது வழக்கமாயிற்று. கண் இமைப்பதைவிடக் குறைவான நேரம். பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒரு 'டிக்' கேட்டாலே அதிகம்.

சரி, ஈதர்நெட்டுக்கு வருவோம். 1973ல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக்கூடத்தில் பாப் மெட்காஃப் ஒரு குறிப்பு எழுதினார். பிறகு டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து கட்டினார். ஒரே கட்டிடத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களை ஒரு கோஆக்ஸ் கேபிளில் கோர்ப்பது, அவ்வளவுதான் நோக்கம். யாரும் பேசவில்லை என்றால் கேபிள் அமைதியாக இருக்கும். இங்கேதான் வினை. ராபின்சன் 1870ல் செய்து, பிறகு தூக்கிப்போட்ட அதே திறந்த சுற்று! மௌனம் என்றால் யாருக்கும் வேலை இல்லையா, இல்லை எல்லாரும் செத்துவிட்டார்களா, தெரியாது. (மெட்காஃபைக் குறை சொல்லவில்லை. ஒரே கட்டிடம், எழுந்து போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.) அந்த மெல்லிசு கோஆக்ஸ் காலத்தில் வேலை பார்த்த சீனியர்களைக் கேளுங்கள். கடைசியில் மாட்டும் 50 ஓம் டெர்மினேட்டரை யாராவது கழற்றினால் மொத்த வரிசையும் படுத்துவிடும். எங்கே என்று தேடி மேஜை மேஜையாகக் குனிய வேண்டும்.

1990ல் 10பேஸ்-டி வந்தது. முறுக்குக் கம்பி, ஒரு முனையில் ஹப். அதில்தான் முதன்முறையாக, பேச ஒன்றுமில்லாதபோதும் சுமார் 16 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஒரு சின்னத் துடிப்பை அனுப்பு என்று விதித்தார்கள். துடிப்பு வந்தால் விளக்கு எரியும், நின்றால் அணையும். நம்ம பச்சை விளக்கின் பூர்வீகம் இதுதான். ராபின்சனின் மூடிய சுற்று கடைசியில் ஈதர்நெட்டுக்கும் வந்துசேர்ந்தது. ஆனால் ஒன்று, அந்தத் துடிப்பு ஒரே ஒரு கேபிளைப் பற்றித்தான் பேசுகிறது. கேபிளின் அந்த முனையில் இருக்கும் பெட்டிக்கு அப்பால் உலகமே எரிந்தாலும் அதற்குக் கவலையில்லை. என்னை 2009ல் ஏமாற்றியது இந்த விளக்குதான். பொய் சொல்லவில்லை பாவம், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது.

மாற்று வழி கண்டுபிடிக்க ஈதர்நெட்டிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. ரேடியா பெர்ல்மன் 1985ல் எழுதிய ஸ்பானிங் ட்ரீ. அருமையான வேலை. ஆனால் அதன் வழக்கமான நேரங்களைக் கூட்டிப் பாருங்கள். பழைய தகவலை நம்பி 20 நொடி, பிறகு 15 நொடி காத்திருப்பு, மறுபடி 15. மொத்தம் 50 நொடி. தொலைபேசிக்காரர்கள் 50 மில்லிசெகண்டுக்கு மேல் போனால் முகம் சுளிப்பவர்கள். எண் ஒன்றுதான், அலகுதான் ஆயிரம் மடங்கு வேறு :-)

2001ல் மெட்ரோ ஈதர்நெட் ஃபோரம் தொடங்கியது. ஈதர்நெட் விலை மலிவு, எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம், இதையே ஊர்விட்டு ஊர் லைனாக விற்போம் என்றார்கள். கேரியர் ஈதர்நெட் என்ற பெயர் வந்தது. வாடிக்கையாளர்கள் சந்தோஷமாக வாங்கினார்கள். ஆனால் பழைய லைனோடு இலவசமாக வந்த சிவப்பு, மஞ்சள், நீலம் எதுவும் இதில் கிடையாது. அதைத் திரும்பக் கட்ட அடுத்த ஏழெட்டு வருடங்கள் ஆயின.

முதலில் 2004ல் 802.3 ஏ.ஹெச். ஒரு லிங்கின் இரு முனைகளும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் முறை. இதில் 'டையிங் காஸ்ப்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு, கடைசி மூச்சு. கரண்ட் போன பெட்டி, கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் துளி மின்சாரத்தில் "போயிட்டு வரேன்" என்று ஒரு ஃப்ரேம் அனுப்பிவிட்டுச் சாகும். கேட்க வேடிக்கையாக இருக்கலாம். வாடிக்கையாளர் வீட்டில் கரண்ட் இல்லையா, ரோட்டில் ஃபைபர் அறுந்ததா என்பது இதனால் தெரிந்துவிடும். ராத்திரி வண்டியெடுத்துப் போகும் ஆளுக்கு ஒரு தூக்கம் மிச்சம்.

என் பிரச்சனைக்கு மருந்து 802.1 ஏ.ஜி, 2007. இது ஒரு கேபிளைப் பார்ப்பதில்லை, முனையிலிருந்து முனைவரை பார்க்கிறது. இந்தக் கோடியில் ஒரு காவல்காரன், அந்தக் கோடியில் ஒரு காவல்காரன். இருவரும் "உயிரோட இருக்கேன்" என்று சி.சி.எம் என்ற செய்தியை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். இடைவெளி 3.33 மில்லிசெகண்டிலிருந்து 10 நிமிடம்வரை ஏழு அளவுகளில் ஒன்று. மூன்றரை இடைவெளி சத்தமில்லை என்றால் லைன் போச்சு என்று முடிவு. 3.33 என்று வைத்தால் சுமார் 12 மில்லிசெகண்டில் தெரிந்துவிடும், ஒரு நொடி என்றால் மூன்றரை நொடி. எனக்கு வரவில்லை என்று எதிராளிக்குச் சொல்ல அதே செய்தியில் ஒரு பிட்டும் உண்டு. பழைய மஞ்சள் அலாரம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

இதில் 0 முதல் 7 வரை படிநிலைகள் வைத்தது கெட்டிக்காரத்தனம். வாடகைக்குக் கொடுத்தவன் கீழ்ப்படியில் தன் துண்டை மட்டும் பார்ப்பான், லைனை விற்றவன் நடுப்படியில், வாடிக்கையாளர் மேல்படியில். மேல்படிச் செய்திகள் கீழ்ப்படிக் காவல்காரர்களைத் தொந்தரவு செய்யாமல் கடந்துபோகும். கன்ஃபிகர் செய்யும்போது ஆள் கோட்டை விடுவதும் பெரும்பாலும் இங்கேதான். ஒரு முனையில் 4, மறுமுனையில் 5 என்று போட்டுவிட்டு லைன் டவுன் என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன். (கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன்.)

நீல அலாரம் என்ன ஆனது? அதில்தான் இரண்டு தரக்குழுக்களின் வழியும் பிரிந்தது. 802.1 ஏ.ஜி அதைச் சேர்க்கவில்லை. ஐ.டி.யூவின் ஒய்.1731, 2006லேயே சேர்த்திருந்தது. ஏ.ஐ.எஸ் மேல் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. டி1 லைனில் எதிர்முனை ஒன்றே ஒன்று. நீலம் வந்தால் போனது யார் என்று கேட்கவே வேண்டாம். ஈதர்நெட்டில் ஒரே சேவையில் பத்து ஊர் இருக்கலாம். "மேலே எங்கோ கோளாறு" என்று செய்தி வந்தால் பத்தில் எந்த ஊர்? தெரியாததால் எல்லாருடைய அலாரத்தையும் அடக்க வேண்டியதாகிறது. போதாக்குறைக்கு ஸ்பானிங் ட்ரீ ஏற்கெனவே வேறு வழி பிடித்திருக்கலாம், அப்போது நீலம் சும்மா பீதி கிளப்பும். இரு முனை லைனுக்கு ஏ.ஐ.எஸ் சரி, பல முனைக்கு யோசித்துப் போடணும் என்பது என் கட்சி.

வளையத்துக்கு ஜி.8032 என்ற தரம் 2008ல் வந்தது. கோளாறு கண்ட பெட்டி சட்டென்று மூன்று செய்திகளை அடுத்தடுத்து அனுப்பும், அடைத்து வைத்த கதவு திறக்கும். பழைய 50 மில்லிசெகண்டை ஈதர்நெட் எட்டிப் பிடித்தது இப்படித்தான். வாடிக்கையாளரின் ரவுட்டருக்கே சேவையின் நிலையைச் சொல்லும் ஈ-எல்.எம்.ஐ என்று ஒன்று 2006ல் வந்தது, ஃப்ரேம் ரிலேயிலிருந்து எடுத்தது. நல்ல யோசனைதான், ஆனால் நான் வேலை பார்த்த எங்கும் அதை யாரும் ஆன் செய்து பார்த்ததில்லை.

அதற்குப் பதில் எல்லாரும் செய்வது முரட்டு வைத்தியம். சி.சி.எம் நின்றால் வாடிக்கையாளர் பக்கத்துப் போர்ட்டையே அணைத்துவிடு. பச்சை அணையும், ரவுட்டர் புரிந்துகொண்டு பேக்கப்புக்குத் தாவும். ரவுட்டருக்குப் புதிதாக எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டாம், அதற்குத் தெரிந்த ஒரே பாஷையில் பேசுகிறோம்.

2009ல் அந்தத் தரம் வெளியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பெட்டிகளில் அதற்கான மென்பொருள் ஏற்றவில்லை, அவ்வளவுதான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஏற்றினோம். லேபில் நான்தான் கன்ஃபிகர் செய்தேன். சி.சி.எம் ஒரு நொடி, எதிர்முனைப் போர்ட் விழுந்தாலும் இங்கே அணை என்று இரண்டு பக்கமும் போட்டேன். பெருமையாக ஒரு முனையில் கேபிளைப் பிடுங்கினேன். மறுமுனை அணைந்தது, கைதட்டல். திரும்பச் செருகினேன். வரவில்லை! ஐந்து நிமிடம், பத்து நிமிடம், வரவே இல்லை. இவன் விழுந்ததால் அவன் அணைந்தான். அவன் அணைந்ததை அவன் பெட்டி இவனுக்குச் சொல்ல, இவன் பெட்டியும் போர்ட்டை அணைத்துவிட்டது. இப்போது அவன் எழுந்தால்தான் இவன் எழுவான், இவன் எழுந்தால்தான் அவன். 'பெஹலே ஆப்' கதை. அணைத்தது நிஜக் கோளாறா, நாமே அணைத்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியாத மென்பொருள் அது.

கடைசியில் எதிர்முனைப் போர்ட்டைப் பார்த்து அணைப்பதை ஒரு பக்கம் மட்டும் வைத்துவிட்டு, மற்றப் பக்கத்தில் சி.சி.எம் நின்றால் மட்டும் அணை என்று மாற்றினேன். சின்ன விக்கலுக்கெல்லாம் போர்ட் ஆடாமலிருக்க சில நொடி பொறுத்துப் பார்க்கும் டைமரும் போட்டேன். அடுத்த வாரம் ராத்திரி 2 மணிக்கு, அதே வாடிக்கையாளரின் அனுமதியோடு, அதே துண்டில் ஃபைபரைப் பிடுங்கச் சொன்னோம். நாலாவது நொடியில் இரண்டு முனையிலும் பச்சை அணைந்தது. பேக்கப் லைனில் பாக்கெட் ஓட ஆரம்பித்தது.

"இப்ப உங்க திரையில என்ன கலர்?" என்று அவர் போனில் கேட்டார்.

"சிவப்பு சார்" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையை அதுவரை சொன்னதில்லை.