பாத்ரூம் சுவிச் ஏன் கதவுக்கு வெளியே இருந்தது?

போன மாரியில் ஒரு இரவு எங்கட பாத்ரூம் லைற்றுச் சுவிச் அம்மாவுக்கு அடிச்சது. பெரிய அடி இல்லை. "சுள்ளெண்டுது" எண்டு கையை உதறிக்கொண்டு வெளியே வந்தா. சுவிச் மூடியின் ஒரு மூலை உடைஞ்சு ஆறு மாதம் இருக்கும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் மாத்தேல்லை. அம்மம்மா மட்டும் வேறொண்டு கேட்டா: "ஆர் இதைக் கொண்டுபோய் உள்ளுக்க வைச்சது? முந்தி வெளியிலயெல்லோ இருந்தது."

மூன்று வருடமாகக் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறேன். கோணேசர் கோயில் தொடங்கி ஒல்லாந்தர் கோட்டை வரைக்கும் கட்டுரை எழுதியாச்சு. எங்கட வீட்டுச் சுவரில் இருக்கிற ஒரு சுவிச்சுக்கு வரலாறு இருக்குமெண்டு அதுவரை யோசிக்கவேயில்லை.

முதலில், பாத்ரூம் என்ற சாமானே இங்கே புதுசு. அம்மம்மாவின் சின்ன வயதில் குளிப்பு கிணத்தடியில். கக்கூஸ் வளவின் பின்மூலையில். இரவில் போவதெண்டால் அரிக்கன் லாம்பு. தண்ணியும் கரண்டும் ஒரே அறைக்குள் சந்திக்க வாய்ப்பே இல்லை. கிணறு குழாயாகி, கக்கூஸ் வீட்டுக்குள் வந்து, இரண்டும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்த பிறகுதான் அம்மாவின் ஈரக்கைக்கும் சுவிச்சுக்கும் இடையில் பிரச்சினை தொடங்குது.

கரண்டைப் பற்றிய பயம் அதைவிடப் பழசு. லண்டனில் தந்திப் பொறியியலாளர்களின் சங்கம் 1882இலேயே மின்விளக்கால் வரும் தீ விபத்தைத் தடுக்க விதிகளை வெளியிட்டுவிட்டது. கவனியுங்கள், அப்போதைய கவலை தீதான். ஆள் சாவது இரண்டாம் பட்சம். 1884இல் நியூகாசிலைச் சேர்ந்த ஜோன் ஹென்றி ஹோம்ஸ் ஸ்பிரிங் வைத்த சுவிச்சுக்குக் காப்புரிமை எடுத்தார். அதற்கு முந்தின சுவிச்களை மெதுவாகத் திறந்தால் இரண்டு முனைக்கும் இடையில் பொறி பறந்து உலோகத்தைத் தின்னும். ஸ்பிரிங் வந்த பிறகு, நீங்கள் எவ்வளவு மெதுவாக அமத்தினாலும் அது "டக்" எண்டு பிரிஞ்சிடும். இண்டைக்கும் எங்கட காதில் கேட்கிற அந்தச் சத்தத்தின் மூதாதை அதுதான். பித்தளை மூடிகள் போய்க் கரண்ட் கடத்தாத மூடிகள் வர, லியோ பேக்லண்ட் 1907இல் பேக்கலைற் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இலங்கையில் 1895இல் பூஸ்டெட் பிரதர்ஸ் கம்பனி கொழும்புக் கோட்டையில் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. 1918இல் டி.ஜே. விமலசுரேந்திர நீர்மின்சாரம் பற்றிய தன் கட்டுரையைப் பொறியியலாளர்கள் முன் வைத்தார். லக்ஷபான ஓடத் தொடங்கியது 1950இல். இடையில் முப்பத்திரண்டு வருடம். மின்சார சபை 1969இல் வந்தது. பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும், நானும் இதோடு விடுகிறேன்.

திருகோணமலையின் கதை கொஞ்சம் வேறு மாதிரி. இங்கே நவீன சாமான்கள் பலதும் ஊருக்கெண்டு வரவில்லை, கடற்படைக்கெண்டு வந்தவை. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் போல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரர் குண்டு போட்டதும் அந்தக் கடற்படைக்காகத்தான். எங்கட பூட்டன் டொக்யார்ட்டில் வயர்மனுக்குக் கையாளாக நிண்டவர் எண்டு வீட்டில் சொல்லுவினம். 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கைமாறியபோது அவருக்கு அந்த வேலை போச்சுது. ஆனால் கையில் ஒரு தொழில் மிஞ்சியது. அம்மம்மா சொல்வதன்படி, எங்கட தெருவில் முதல் நாலைஞ்சு வீட்டுக்கு வயர் இழுத்தது அவர்தானாம்.

வெள்ளைக்காரர் வழக்கத்தில் குளிக்கிற இடத்தில் கைக்கெட்டுகிற சுவிச் கூடாது. ஒண்டில் கூரையில் சுவிச்சை வைத்து ஒரு நூலைத் தொங்கவிடுவார்கள், அல்லது கதவுக்கு வெளியே வைப்பார்கள். ஈரத் தோலில் கரண்டுக்கான தடை நல்லாக் குறைஞ்சிடும், நூல் கரண்டைக் கடத்தாது, இதுதான் கணக்கு. இங்கிலாந்தில் இண்டைக்கும் அந்த நூல் தொங்குது. பூட்டன் நூல் வைக்கவில்லை, கதவுக்கு வெளியே வைத்தார். அண்ணனும் நானும் சின்னனில் உள்ளே குளிக்கிறவருக்கு லைற்றை நிப்பாட்டி விளையாடினது அதனால்தான். பிறகு சுவர் இடிச்சுப் பாத்ரூமைப் பெருப்பிச்சபோது, "வசதியா இருக்கும்" எண்டு சுவிச் உள்ளே போனது. அறுபது வருடப் பழக்கத்தை ஒரு மேசனும் நாங்களும் ஒரு பின்னேரத்தில் அழிச்சோம்.

அடுத்த நாள் லைசன்ஸ் உள்ள ஒரு அண்ணாவைக் கூப்பிட்டோம். நானே யூடியூப் பார்த்து மாத்தலாம் எண்டுதான் நினைச்சிருந்தேன். நல்லகாலம். அவர் முதலில் சுவிச்சைத் தொடவேயில்லை. மெயின் போர்ட்டுக்குப் போய் ட்ரிப் சுவிச்சின் டெஸ்ற் பட்டனை அமத்தினார். விழேல்லை. மழைக்கு அடிக்கடி விழுகுது எண்டு ஆரோ அதைத் தாண்டி வயரைக் கொடுத்திருக்கினம். இது ஏன் பாரதூரம் எண்டால்: எங்கட வீடுகளில் ஏர்த் என்பது மண்ணில் இறக்கின ஒரு கம்பி. கடற்கரை மணல் காய்ஞ்சால் அதன் தடை கூடும். 50 ஓம் எண்டு வையுங்கோ. 230 வோல்ட்டில் 4.6 அம்பியர்தான் ஓடும். 15 அம்பியர் பியூஸ் அதுக்கு அசையாது. ஆளைக் கொல்ல அதில் ஒரு துளி போதும். 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழுகிற ட்ரிப் சுவிச் ஒண்டுதான் இடையில் நிக்கிறது. அதைத்தான் நாங்கள் "தொல்லை" எண்டு ஒதுக்கி வைச்சிருந்தோம்.

பிறகு மெயினை நிப்பாட்டினார். "ஒருத்தரும் போடாதேங்கோ" எண்டு அண்ணனைப் போர்ட்டுக்குப் பக்கத்தில் நிப்பாட்டினார். டெஸ்டர் வேலை செய்யுதோ எண்டு முதலே கரண்ட் உள்ள இடத்தில் பார்த்திருந்தார், பிறகு சுவிச் வயரில் பார்த்தார். மூடியைக் கழட்டினால் உள்ளே உப்புக்காத்து தின்ற பச்சைச் செம்பு. எங்கட வீட்டிலிருந்து உட்துறைமுகத் தண்ணி நடக்கிற தூரம்தான்.

சுவிச்சுக்குள் வந்திருந்தது கறுப்பு வயர். பழைய நிறமுறையில் சிவப்புத்தான் லைவ், கறுப்பு நியூட்ரல். அதாவது எங்கட சுவிச் நியூட்ரலைத்தான் வெட்டியிருக்கு. லைற் அணைஞ்சிருக்கும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் நிண்டுகொண்டே இருக்கும். இத்தனை வருடம் அண்ணன் "ஓஃப் பண்ணிட்டன்" எண்டு நம்பித்தான் பல்ப் மாத்தியிருக்கிறான்.

நேர்மின்னோட்டக் காலத்தில், எந்தக் கம்பியும் ஆபத்தாக இருக்கலாம் என்பதால், இரண்டிலும் பியூஸ் போடும் வழக்கம் இருந்தது. பழைய பீங்கான் பியூஸ் பெட்டிகளில் அதன் மிச்சத்தைக் காணலாம். மாறுமின்னோட்டம் வந்து நியூட்ரலை மண்ணோடு சேர்த்த பிறகு அது ஆபத்தான வழக்கம்: நியூட்ரல் பியூஸ் எரிஞ்சால் வீடு இருட்டாகும், வயர் உயிரோடு இருக்கும். நிறங்களும் மாறின. பிரித்தானியா 2004இல் சிவப்பு கறுப்பை விட்டு மண்ணிறம் நீலத்துக்குப் போனது; புதிய முறையில் கறுப்பு ஒரு லைவ் கம்பியின் நிறமாகவும் வரும். எங்கட வீட்டில் இரண்டு காலமும் ஒரே குழாய்க்குள் கிடந்தது. நிறத்தை நம்பாதே, டெஸ்டரை நம்பு எண்டார் அண்ணா. டெஸ்டரையும் இரண்டு தரம் பார்த்துத்தான் நம்பு எண்டார்.

லைவ் வயரைச் சுவிச்சுக்குக் கொண்டுவந்து, நியூட்ரலை நேரே ஹோல்டருக்கு விட்டு, செம்பு வெளியே தெரியாமல் ஸ்குரூவை இறுக்கி, புது ட்ரிப் சுவிச்சும் போட்டார். சுவிச்சைப் பழையபடி கதவுக்கு வெளியே வைக்கச் சொன்னது அம்மம்மா. பெயின்ற் உரிச்சுப் பார்த்தபோது பூட்டன் வைச்ச மரவட்டத்தின் ஓட்டை அங்கே சீமெந்தால் அடைபட்டுக் கிடந்தது. அதிலேயே புதுப் பெட்டியைப் பதிச்சாச்சு.

அம்மா இன்னும் இரவில் உள்ளே போய்ச் சுவரைத் தடவுறா. பிறகு திட்டிக்கொண்டு வெளியே வந்து போடுறா.