கட்டிய காலும் கட்டாத காலும்: மலைச் சைக்கிள் பந்தயத்தில் விழுந்தவர்களின் வரலாறு

மலைச் சைக்கிள் பந்தயத்தின் பாதுகாப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஹெல்மெட் எப்போது வந்தது, முகத்தையும் மூடும் ஹெல்மெட் எப்போது வந்தது, இப்படி. கொஞ்ச நாளாக இதைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டு இருந்ததில் எனக்கு வேறொன்று தோன்றியது. இந்த விளையாட்டின் மிகப் பழைய பாதுகாப்புக் கேள்வி காலில்தான் இருக்கிறது. விழும்போது கால் சைக்கிளோடு சேர்ந்தே இருக்கணுமா, விட்டு விலகணுமா? ஐம்பது வருஷம் ஆகப்போகுது, இன்னும் முடிவான பதில் கிடையாது. தலைக்கு விதி வந்துவிட்டது. உடம்புக்குப் பரிந்துரை வந்துவிட்டது. காலுக்கு மட்டும் அவரவர் இஷ்டம். ஏன் அப்படி என்று பார்ப்பதுதான் இந்தப் பதிவு.

பெடலே பிரேக்காக இருந்த காலம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி. அங்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூரை ஒட்டிய மலையில், தீயணைப்பு வண்டிகள் போக வெட்டிய ஒரு மண் பாதை உண்டு. 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் அதில் சைக்கிளில் இறங்கிப் போட்டி போட்டார்கள். சுமார் 2 மைலில் 1,300 அடி இறக்கம். ஒவ்வொருவராக அனுப்பி, மேலே ஒரு கடிகாரம் கீழே ஒரு கடிகாரம் வைத்து நேரம் எடுத்தார்கள். சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் என்று பின்னாளில் இந்தத் தொழிலையே உருவாக்கிய பெயர்கள் எல்லாம் இந்தக் கும்பலில் இருந்தவைதான்.

அவர்கள் ஓட்டியது 1930, 40-களில் வந்த ஷ்வின் கம்பெனியின் பழைய கனத்த சைக்கிள்கள். பெரும்பாலானவற்றில் கைப்பிடி பிரேக் கிடையாது, பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கரம் பிடிக்கும். ஒரு முறை இறங்கினால் போதும், பிரேக் கொதித்து உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகிவிடும். திரும்பப் பிரித்து கிரீஸ் அடைக்கணும். ஆங்கிலத்தில் அந்த வேலைக்கு 'ரீபேக்' என்று பெயர், அதுவே பந்தயத்தின் பெயராகவும் ஆகிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது கால். வேகம் கொடுப்பதும் பெடல், நிறுத்துவதும் பெடல். மேடுபள்ளத்தில் கால் நழுவினால் பிரேக்கும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் பல் வைத்த அகலமான இரும்புப் பெடலைத் தேடித்தேடிப் போட்டார்கள். பிற்பாடு அந்த வகைக்கு 'கரடிப் பொறி' என்று செல்லப் பெயர். முழங்காலுக்குக் கீழே அது கிழித்த தழும்பு இல்லாத பழைய ஆட்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். நமக்கெல்லாம் குரங்குப் பெடல் போட்டுக் கணுக்காலில் வாங்கிய காயம் ஞாபகம் வரலாம். அதன் பெரியண்ணன் இது.

பாதுகாப்புக்கு என்ன போட்டார்கள்? ஜீன்ஸ், தடிச்ச சட்டை, வேலைக்குப் போடும் பூட்ஸ், தோல் கையுறை. தலையில் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. முதல் பந்தயத்தில் ஜெயித்த ஆலன் பாண்ட்ஸ் பற்றிச் சொல்லும்போது, அன்று விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருத்தர்தான் என்பார்கள். விளையாட்டின் முதல் வெற்றியே 'விழாதவன் வெற்றி' என்றால், இதன் குணம் புரிஞ்சுடும்.

காலைக் கட்டினார்கள்

80-களில் போட்டி இரண்டாகப் பிரிந்தது. ஏறி இறங்கிச் சுற்றும் கிராஸ் கன்ட்ரி ஒன்று, மலையுச்சியிலிருந்து இறங்க மட்டும் செய்யும் டவுன்ஹில் இன்னொன்று. கிராஸ் கன்ட்ரியில் ஏற்றம் முக்கியம், ஏற்றத்துக்குக் கால் பெடலோடு ஒட்டியிருப்பது நல்லது. அதனால் சாலைப் பந்தயக்காரர்களின் கூண்டும் வாரும் இங்கேயும் வந்தன. பெடலின் முன்னால் ஒரு கம்பிக் கூண்டு, அதைச் சுற்றி ஒரு தோல் வார். வாரை இறுக்கினால் கால் நிற்கும். எடுக்கணும்னா குனிந்து கையால் தளர்த்தணும். விழும்போது குனிந்து வார் தளர்த்த யாருக்கு நேரம் இருக்கும்?

தீர்வு பனிச்சறுக்கிலிருந்து வந்தது. பிரான்சின் நெவேர் நகரில் இருக்கும் லுக் கம்பெனி, சறுக்குப் பலகையில் காலணியைப் பூட்டும் கருவி செய்துகொண்டிருந்தது. விழுந்தால் பூட்டு தானாக விட்டு முழங்காலைக் காப்பாற்றணும் என்பதே அந்தக் கருவியின் அடிப்படை. அதே யோசனையை 1984-ல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷம் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் ஜெயித்ததும் சாலைப் பந்தயத்தில் வாருக்குக் காலம் முடிந்தது. அதாவது, இன்று 'காலைக் கட்டிப்போடும் பெடல்' என்று பயப்படும் பொருள், பிறந்தபோது காலை விடுவிக்க வந்த பாதுகாப்புக் கருவி!

ஆனா மலையில் அது அப்படியே செல்லவில்லை. காலணிக்கு அடியில் பெரிய பிளாஸ்டிக் கட்டை துருத்திக்கொண்டு இருக்கும். சேற்றில் இறங்கி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு அது ஆகாது. 1990-ல் ஜப்பானின் ஷிமானோ கொண்டுவந்த எஸ்பிடி பெடல் இதைத் தீர்த்தது. சின்ன உலோகத் தகடு, ஷூவின் அடிப்பகுதிக்குள் பதிந்திருக்கும், நடந்தாலும் இடிக்காது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் 'டக்' என்று விடும். எவ்வளவு விசையில் விடணும் என்பதை ஒரு திருகாணியால் மாற்றிக்கொள்ளலாம். கொலராடோவின் துராங்கோவில் யுசிஐ நடத்திய முதல் உலகச் சாம்பியன்ஷிப்பும் அதே 1990-ல்தான். கொஞ்ச வருஷத்தில் கிராஸ் கன்ட்ரியில் வேறு பெடலே இல்லை என்றாகிவிட்டது.

சிக்கல் அந்த 'திருப்பினால்' என்ற சொல்லில் இருக்கிறது. பக்கவாட்டில் சாயும்போது குதிகால் திரும்பும். கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியும்போது உடம்பு எந்தப் பக்கம் முறுக்கும் என்று சொல்ல முடியாது. பல நேரம் கால் தானாகக் கழன்றுவிடுகிறது. சில நேரம் சைக்கிளும் ஆளும் சேர்ந்தே உருளுகிறார்கள்.

தலைக்கு விதி வந்த கதை

டவுன்ஹில் பக்கம் வேறு பயம். 1985-ல் கலிபோர்னியாவின் மம்மத் மலையில் 'கமிகாசே' என்ற பந்தயம் தொடங்கியது. பெயரே தற்கொலைப் படையின் பெயர். பனிச்சறுக்கு மலையின் சரளைப் பாதையில் மணிக்கு 60 மைலுக்கு மேல் போனார்கள். இவ்வளவு வேகத்துக்குச் சைக்கிள் உலகத்தில் சட்டை கிடையாது. மோட்டோகிராஸ்காரர்களிடமிருந்துதான் கடன் வாங்கினார்கள்: முகம் மூடும் ஹெல்மெட், மார்புக் கவசம், முழங்கால் கவசம்.

இன்றைய யுசிஐ விதியில் டவுன்ஹில்லுக்கு முகம் மூடும் ஹெல்மெட் கட்டாயம், பயிற்சியிலும்கூட. உடம்போடு ஒட்டும் லைக்ரா ஆடைக்கு அனுமதி இல்லை. முதுகு, முழங்கை, முழங்கால், தோள் கவசங்கள் 'வலுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன'. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. பெடல்? இந்தப் பட்டியலிலேயே அது கிடையாது.

ஹெல்மெட்டும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பழைய ஹெல்மெட் நேரடி அடிக்குத்தான். ஆனால் விழுகிறவன் தலை பெரும்பாலும் சாய்வாகத்தான் தரையில் படும், அப்போது மூளை உள்ளே சுழலும். ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் 90-களில் தொடங்கி வைத்த ஆராய்ச்சிதான் இன்று 'மிப்ஸ்' என்ற மஞ்சள் ஒட்டியோடு வரும் உள்ளடுக்கு. தென் ஆப்பிரிக்க மருத்துவர் கிறிஸ் லீட், ஒரு மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் மரணத்துக்குப் பிறகு கழுத்துக் காப்பு ஒன்றை வடிவமைத்தார். இரண்டும் யாரோ விழுந்ததற்குப் பிறகு வந்த யோசனைகள்.

சாம் ஹில்

2000-களில் டவுன்ஹில்லிலும் முன்னணியில் பெரும்பாலும் பூட்டுப் பெடல்தான். கரடுமுரடான பாதையில் கால் துள்ளாது, துள்ளாவிட்டால் மிதித்துக்கொண்டே போகலாம். பத்து உலகப் பட்டம் (மூன்று ஜூனியர், ஏழு சீனியர்) வாங்கிய நிக்கோலா வூயோ அந்த வழிதான்.

அந்த நேரத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து சாம் ஹில் வந்தார். ஆணி மாதிரிச் சிறு முனைகள் வைத்த தட்டைப் பெடல், மேலே வெறும் ஷூ. ஷூ மட்டும் சாதாரணமில்லை. ஃபைவ் டென் என்ற கம்பெனி பாறை ஏறுகிறவர்களுக்காகச் செய்த பிசுபிசுப்பான ரப்பர் அதன் அடியில். சஸ்பென்ஷனும் அதற்குள் 200 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்திருந்தது. அதாவது, காலைத் துள்ளவைக்கும் அடியைச் சைக்கிளே விழுங்கிவிடும். பூட்டு செய்த வேலையைப் பாதி ரப்பரும் பாதி சஸ்பென்ஷனும் எடுத்துக்கொண்டன. 'கட்டாத கால்' திரும்ப வந்ததன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். வீரனின் துணிச்சல் பாதிக் கதைதான்.

2007-ல் சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரியில் மழை கொட்டி பாதை சேறாகிவிட்ட பிறகு இறங்கி மூன்றாவது வந்தார். ஜெயித்தவரைவிட அந்த மூன்றாம் இடத்தைத்தான் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். வழுக்கும் வளைவில் உள்பக்கக் காலை எடுத்து நீட்டுவது, நிமிர்ந்ததும் திரும்ப வைப்பது என்று அவர் போன விதத்தைப் பூட்டுப் பெடலில் அவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாது.

அதே மனிதர் 2008-ல் இத்தாலியின் வால் டி சோலே உலகச் சாம்பியன்ஷிப்பில் பெரிய முன்னிலையோடு வந்து, முடிவுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் சறுக்கி விழுந்தார். எழுந்து வந்தும் வெண்கலம். தங்கம் கீ ஆதர்ட்டனுக்கு. ஆக, தட்டைப் பெடல் விழாமல் காப்பாற்றும் என்பதற்கு ஹில் சாட்சி இல்லை. விழுந்த ஆள் உடனே எழுந்து ஓட்ட முடிந்தது என்பதற்கு வேண்டுமானால் சாட்சி. பிறகு 2017, 2018, 2019 என மூன்று வருஷம் தொடர்ந்து எண்டுரோ உலகத் தொடரையும் தட்டைப் பெடலிலேயே ஜெயித்தார். எண்டுரோவில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஏற்றம் மிதித்துப் போகணும், பூட்டு இல்லாமல் முடியாது என்று சொன்னவர்களுக்கு அது பதிலாக இருந்தது.

எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று சொல்லணும். 2015-ல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் ஆரன் க்வின் புறப்பட்ட உடனே செயின் அறுந்துபோனது. ஒரு மிதி மிதிக்காமல் இறங்கி ஜெயித்தார், பூட்டுப் பெடலில். மிதிக்கவே தேவையில்லாதபோதும் அவருக்குக் கால் ஒட்டியிருப்பதுதான் நம்பிக்கை.

கவசம் எட்டாத இடம்

இதையெல்லாம் படிக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரு கருவி இருக்கிறது என்று தோன்றலாம். இல்லை. 2007-ல் கொலராடோவில் நடந்த ஒரு பந்தயத்தில் விழுந்த டாரா லானெஸ் என்ற அமெரிக்க வீராங்கனைக்கு முதுகுத்தண்டு அடிபட்டு சக்கர நாற்காலி வாழ்க்கை ஆனது. 2019 டிசம்பரில் ஜோலாண்டா நெஃப் பயிற்சியில் விழுந்ததில் மண்ணீரல் கிழிந்தது, விலா உடைந்தது, நுரையீரல் சுருங்கியது. அவர் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார் என்பது சந்தோஷமான செய்தி. ஆனால் அதை வைத்து 'விழுந்தால் என்ன, எழுந்துடலாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே டோக்கியோவில் மத்தியூ வான் டெர் போல் விழுந்ததற்குப் பெடலும் காரணமில்லை, ஹெல்மெட்டும் காரணமில்லை. பயிற்சியின்போது ஒரு பாறை இறக்கத்தில் பலகை போட்டிருந்தார்கள். பந்தய நாளில் எடுத்துவிட்டார்கள். அது இருக்கும் என்று நம்பிப் போனார். ஆளுக்குத் தகவல் சேராததும் ஒரு பாதுகாப்புக் குறைதான்.

இப்போ ஆரம்பக் கேள்விக்கு வரலாம். காலுக்கு ஏன் விதி வரவில்லை? ஹெல்மெட் போட்டால் எந்த வகை விழுதலிலும் தலைக்கு நஷ்டமில்லை, அதனால் கட்டாயமாக்குவது சுலபம். பெடலில் அப்படி இல்லை. பூட்டினால் துள்ளி நழுவி விழுவது குறையும், விழுந்தால் விலகுவது கஷ்டம். பூட்டாவிட்டால் விலகுவது சுலபம், நழுவுவது கூடும், முழந்தாளில் ஆணி கிழிக்கும். ஒரு ஆபத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிற பேரம் இது. அந்தப் பேரத்தை எந்தச் சங்கமும் வீரனுக்காகப் பேச முடியாது.

புதிதாக மலைப்பாதையில் ஓட்டப் போகிறவர்கள் கேட்டால் என் பதில் தட்டைப் பெடல்தான். முதலில் பயமில்லாமல் காலை எடுக்கப் பழகட்டும். பந்தயக்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த முறை டவுன்ஹில் ஒளிபரப்பு பார்த்தால் மட்டும், புறப்படும் இடத்தில் ஹெல்மெட்டைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். 'டக்' சத்தம் கேட்கிறதா இல்லையா என்பதிலேயே, அவர் எப்படி விழுவதற்குத் தயாராகி வந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.