கையெழுத்து வைத்தவர் யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

சாதாரண தரப் பிள்ளைகளின் அடையாள அட்டை விண்ணப்பங்கள் இந்தக் கிழமை எங்கள் மேசையில் குவிந்து கிடந்தன. படம், பிறப்புச் சான்றிதழ், கடைசியில் அதிபரின் கையெழுத்து. ஒரு பிள்ளை கேட்டது: "சேர், நான் ஆரெண்டு அதிபர் சொல்லுறார். அதிபர் ஆரெண்டு ஆர் சொல்லுறது?" வகுப்பே சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

தேசிய அடையாள அட்டை ஒன்றும் பழைய சங்கதி அல்ல. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972இல்தான் அது வரத் தொடங்கியது. அதற்கு முன் ஊரில் விதானையாரின் வாய்ச்சொல்தான் அட்டை. 1963இல் அந்தப் பதவி ஒழிந்து கிராம சேவகர் வந்தார். ஆனாலும் வன்னியில் இன்றும் முதியவர்கள் வாயில் அவர் 'விதானையார்'தான். தாளைப் பார்த்து அல்ல, ஆளைப் பார்த்து ஒப்பமிட்டவர் அவர். பொய்க்கு ஒப்பமிட்டால் அடுத்த நாளும் அதே ஒழுங்கையால் தானே சைக்கிளில் போகவேண்டும்!

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, நாச்சிக்குடா சனமும் புத்தளம் போனது. வடக்கு முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர். உறுதி, சான்றிதழ் என்று எத்தனையோ தாள்கள் போயின. அதைவிடப் பெரிய இழப்பு, எங்களை முகம் பார்த்து அறிந்த மனிதர்களைப் பிரிந்தது. 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது கதிரையில் இருந்தவர்கள் புதியவர்கள். "இந்த ஊர்க்காரர் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்காக பக்கத்து வளவுத் தமிழ் அம்மா ஒருவர் தானாக வந்து நின்றார். "உந்தக் கிணறு வெட்டினது இவற்ற வாப்பா. மண் அள்ளினது என்ர மனுசன்." அவ்வளவுதான் சாட்சியம். ஆனால் அந்த அம்மாவை யார் அறிவார்? அதற்கும் ஊருக்குள் இன்னொருவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

நாங்கள் இல்லாத அந்த வருடங்களில் வன்னியில் இருந்தவர்களுக்கு வேறு பாடு. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியை விட்டு வெளியே போகப் பாஸ் வேண்டும், பாஸ் எடுக்கப் பிணைக்கு ஆள் வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் மாட்டிக்கொள்வார். வவுனியாவில் அரச பக்கத்திலும் இடம்பெயர்ந்தவர்களுக்குப் பாஸ்தான். பிணை என்ற சொல்லின் பாரம் வன்னியாருக்கு விளக்கத் தேவையில்லை.

இதெல்லாம் நினைவில் ஓடக் காரணம், கொழும்பில் கணினி வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் லீவில் வந்து சொன்ன விசயம். பிளொக்செயின் என்பது பலர் கையில் ஒரே பிரதியாக இருக்கும் கணக்குப் பேரேடு. அதில் புதுப் பக்கம் சேரும்போது 'சரி' என்று ஒப்பமிடுபவருக்கு வலிடேட்டர் என்று பெயர். எதீரியம் 2022 செப்டெம்பர் 15இல் இந்த முறைக்கு மாறியது. வலிடேட்டராக ஆகக் குறைந்தது 32 ஈதர் பிணை வைக்கவேண்டும், இரட்டை ஒப்பம் போன்ற களவு செய்தால் பிணையில் வெட்டு விழும். அதாவது, பாஸுக்குப் பிணை நின்ற கதைதான். ஆனால் பேரேட்டில் அவருக்குப் பெயர் கிடையாது, ஒரு நீண்ட எழுத்துக் கோவை மட்டும்.

கொஸ்மோஸ் வலையமைப்பில் பெயர் எழுதலாம். ஆனால் எவரும் எந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளலாம் என்பதால், கீபேஸ் கணக்கோடு இணைக்க ஒரு தனி இடம் வைத்தார்கள். போல்காடொட்டில் பதிவாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தந்த விவரத்தைப் பார்த்து 'ஏற்கத்தக்கது', 'பிழையானது' என்று பேரேட்டிலேயே குறிப்பெழுதுவார்கள். அந்தப் பதிவாளர்களை நியமிப்பது வலையமைப்பின் வாக்கு. எங்கள் பிள்ளையின் கேள்விக்கு அங்கே சொல்லும் பதில் அது.

இப்போது மனிதருக்குப் பதிலாகப் பணத்தை எங்கே வைப்பது என்று ஆராய செயற்கை நுண்ணறிவு முகவர்கள் வந்துவிட்டன. எழுத்துக் கோவையைக் கொடுத்தால் அதன் பின்னால் இருப்பவர் யார் என்று தேடித் தரும் கருவிகளை அவற்றுக்கென்றே செய்கிறார்கள். நல்ல விசயம்தான். ஆனால் கருவி தருவது யாரோ எழுதி வைத்ததை. எழுதியவர் யார் என்று முகவர் கேட்குமா?

ஹதீஸ் கலையில் இதை எப்போதோ கேட்டார்கள். செய்தியை மட்டும் அல்ல, அறிவித்தவர்களின் சங்கிலியையும் எழுதினார்கள். அந்த ஆட்களைப் பற்றித் தேடிப் பார்க்கத் தனி நூல்கள் தொகுத்தார்கள். 1449இல் மரணித்த இப்னு ஹஜர் அல்-அஸ்கலானியின் தொகுப்புகள் இன்றும் புரட்டப்படுகின்றன.

எங்கள் ஊர்களுக்கு அப்படி ஒரு கொப்பிகூட இல்லை. 1990க்கு முன் உங்கள் பகுதியில் விதானையாராக, கிராம சேவகராக, அதிபராக, பள்ளிவாசல் மரைக்காயராக இருந்து ஒப்பமிட்டவர்கள் யார் யார், எந்தெந்த ஆண்டுகளில் என்று நினைவுள்ள மூத்தவர்கள் தமிழரானாலும் முஸ்லிமானாலும் எங்களிடம் சொல்லுங்கள். யாரிடம் கேட்டு அறிந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 160 பக்கக் கொப்பி ஒன்று வாங்கியிருக்கிறோம். இதுவரை ஏழு பெயர்கள்.