எடைக்கருவியும் பயிற்றுநரின் சொல்லும்

1988ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில் நடந்த ஒரு போட்டியின்போது, அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிச்சிடம், ஒலிம்பிக் குழுவில் இடம் பெற விரும்பினால் எடையைக் குறைத்தாக வேண்டும் என்று ஒரு நடுவர் கூறினார். சொன்னவருக்கு அது வெறும் தொழில்முறை அபிப்பிராயமாக இருந்திருக்கலாம். கேட்ட பள்ளிப் பருவத்துப் பெண்ணோ, உணவையே பகையாகக் கருதும் மனநோய்க்கு ஆளாகி, உள்ளுறுப்புகள் செயலிழந்து, 1994 ஜூலையில் 22 வயதில் காலமானார். அந்த ஒரு வாக்கியமே மரணத்திற்கு முழுக் காரணம் என்று தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. ஆயினும், தேர்வு செய்யும் அதிகாரம் உடையவர் வாயிலிருந்து தேகத்தைப் பற்றிப் பிறக்கும் சொல், சாதாரணச் சொல்லாக ஒருபோதும் செவியில் விழுவதில்லை.

பயிற்சிக்கு முன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக எடைக்கருவியில் ஏற்றி, முள் காட்டும் எண்ணை மற்றவர் காதுபட உரக்கப் படித்து, "உடம்பு போட்டுவிட்டதே" என்று ஒரு வார்த்தையும் சேர்க்கும் வழக்கத்தை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று முதல் அந்தப் பிள்ளைக்குத் தன் சரீரம் ஓடவும் தாவவும் உதவும் சாதனமாக இராமல், பிறர் பார்வைக்கு வைக்கப்பட்ட குற்றப் பொருளாகிவிடுகிறது. பின்னர் உணவு குறைகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகிறது. எலும்பு பலமிழந்து முறிவுகள் தொடர்கின்றன. உழைப்புக்கு ஈடான உணவின்மையால் ஆண், பெண் இருபாலாருக்கும் நேரும் இக்கேடுகளைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் ஓர் அறிக்கையாகவே தொகுத்து வெளியிட்டது.

எடை குறைந்தவனுக்கு அனுகூலம் இருப்பது இயற்கை விதியாயிற்றே, பயிற்றுநர் அதை மறைக்கலாமா என்று கேட்பார் உண்டு. கேள்வி நேர்மையானதே. பனிச்சறுக்குத் தாவலில் மெலிந்தவர் அதிக தூரம் மிதந்து செல்வது உண்மை; அதனாலேயே வீரர்கள் அபாயகரமாக மெலிந்தனர். 2004இல் அவ்விளையாட்டின் சர்வதேச சம்மேளனம், உயரத்திற்கேற்ற எடை இல்லாதவர் குட்டையான பனிப்பலகையையே அணிய வேண்டுமென்று விதித்து, பட்டினியால் கிடைத்த லாபத்தின் பெரும்பகுதியைப் பறித்தது. அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்திலோ, 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நீர் அருந்தாமல், ரப்பர் உடையணிந்து, வெப்ப அறையில் வியர்த்து எடை குறைக்க முயன்ற 3 இளைஞர்கள் மாண்ட பின்னரே, அவ்வுடையும் நீராவி அறையும் தடுக்கப்பட்டன. எடை பார்க்கும் நேரமும் பந்தயத்தை ஒட்டியே வைக்கப்பட்டது. உயிர்களைப் பலிகொண்ட பிறகு வந்த திருத்தம் என்பது நெஞ்சை அறுக்கிறது. ஆனால், இயற்கை விதி என்று சொல்லப்பட்டதில் எவ்வளவு பங்கு மனிதர் வகுத்த விதி என்பதை இவ்விரு உதாரணங்களும் ஐயமற நிரூபிக்கின்றன.

கண்ணால் கண்டு மதிப்பெண் இடப்படும் ஜிம்னாஸ்டிக் போன்றவற்றில் இத்தகைய விதி எளிதில் அமையாது. ஆகவே அங்கே பயிற்றுநரின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. எடையைப் பற்றிய பேச்சு வைத்தியருடனும் உணவு நிபுணருடனும் தனியறையில் நடக்கட்டும். பயிற்றுநர் தம் குறிப்பேட்டில் எழுத வேண்டியவை வேறு: தாவலின் உயரம், காயம் ஆறிய வேகம், உறக்கம், உற்சாகம். அந்த ஏட்டை வீராங்கனையே எடுத்துப் படித்தாலும் அவர் கூசும்படியான ஒரு வரி அதில் இருத்தலாகாது.