வார்ப்பச்சும் ஓய்வுநேரமும்: அமெரிக்கத் தோட்டா நிரப்பல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தன் துவக்குக்கு வேண்டிய தோட்டாவைத் தன் வீட்டு மேசையிலேயே நிரப்பிக்கொள்ளும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவிற் பெருந்தொகையானோர் கைக்கொள்ளும் பொழுதுபோக்காக உள்ளது. சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கோதைப் பொறுக்கியெடுத்துத் துப்புரவாக்கி, அதன் அடியிலுள்ள பழைய கேப்பை நீக்கிப் புதியதை இட்டு, வெடிமருந்தை அளந்து பெய்து, வாயிற் குண்டைப் பொருத்துவதே இதன் சாரம். நம்மிடையே இடியன் துவக்கு எனப்படும் வாய்வழி நிரப்புந் துவக்கை அறிந்தோர்க்கு இதிற் புதுமையேதுமில்லை எனத் தோன்றவுங்கூடும். ஆயினும் இப்பொழுதுபோக்கைச் சூழ்ந்து நிற்கும் கருத்துநிலை நம் கவனத்துக்குரியது. தொழிற்சாலையை நம்பியிராது தன் கையையே நம்பி வாழ்ந்த எல்லைப்புறக் குடியானவனின் வாரிசாகவே தோட்டா நிரப்புவோன் தன்னைக் கருதிக்கொள்கிறான். இத்தற்காட்சி வரலாற்றுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இங்கு நாம் ஆராய விழைவது. தோட்டா செய்தல் என்னும் ஒரே வேலை, எவர் கையால், எத்தகைய உறவுகளுக்குள், எவர் பயனுக்காகச் செய்யப்பட்டது என்ற வினாவை முன்வைத்தே இதற்கு விடை காணலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பென்சில்வேனியக் கம்மாளன் செய்த நீள்துவக்குகள் ஒன்றோடொன்று ஒத்தவையல்ல. குழலின் விட்டம் துவக்குக்குத் துவக்கு வேறுபட்டமையால், ஒவ்வொன்றோடும் அதற்கே உரிய வார்ப்பச்சொன்றையும் கம்மாளன் சேர்த்துக் கொடுத்தான். வாங்கியவன் ஈயத்தையும் வெடிமருந்தையும் நிறைக்கணக்கில் வாங்கி, குண்டை வீட்டு அடுப்பில் வார்த்துக்கொண்டான். வீட்டு அடுப்பு என்றோம்; அதனருகில் இருந்தவர் யாவர் என்பதற்குச் சான்றொன்று உண்டு. 1776 ஜூலை 9ஆந் திகதி நியூ யோர்க் நகரத்தில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் ஈயச்சிலை மக்களால் வீழ்த்தப்பட்டது. அதன் பெரும்பகுதி கொனெக்ரிக்கற்றிலுள்ள லிச்ஃபீல்ட் என்னும் ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஒலிவர் வூல்கொற்றின் வீட்டிற் குண்டுகளாக வார்க்கப்பட்டது. வார்த்தோர் பெரும்பாலும் அவ்வீட்டினதும் அயலினதும் பெண்களும் பிள்ளைகளுமே. யார் எத்தனை வார்த்தனர் என்ற கணக்கு எழுதிவைக்கப்பட்டது. மொத்தம் 42,088 குண்டுகள். மன்னனின் உருவமே மன்னனின் படைகள்மீது எறியப்பட்டதென்ற சுவையான முரணை நூலாசிரியர் பலர் எடுத்துரைப்பர். நமக்கோ அந்தக் கணக்குத் தாளே முக்கியமானது. வீட்டுப் பெண்ணின் உழைப்பு எண்ணிக்கையிற் பதிவுபெற்ற அரிய சந்தர்ப்பங்களுள் அதுவுமொன்று.

அக்காலத்திலேகூட எல்லைப்புற வேட்டைக்காரனின் தன்னிறைவு முழுமையானதன்று. கரியை எங்கும் சுடலாம், வெடியுப்பு அவ்வாறன்று. வங்காளத்தையும் பீகாரையும் ஆண்ட ஆங்கிலேயக் கும்பனியின் முக்கிய ஏற்றுமதிகளுள் அது ஒன்றாயிருந்தது. பீகாரின் கிராமங்களில் உப்புமண்ணைச் சுரண்டிக் கரைத்துக் காய்ச்சியோர் நோனியா என்னும் தாழ்த்தப்பட்ட சாதியினர். 1802ஆம் ஆண்டு டெலவெயரில் நிறுவப்பெற்ற டூபொன்ற் வெடிமருந்து ஆலையும் இந்திய வெடியுப்பிலேயே பெரிதுந் தங்கியிருந்தது. உள்நாட்டுப் போரின்போது, 1861ஆம் ஆண்டின் இறுதியில், வடமாநில அரசின் பொருட்டு லாமொற் டூபொன்ற் வெடியுப்பு வாங்க இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ‘ட்ரென்ற்’ கப்பல் விவகாரத்தால் சினமுற்ற பிரித்தானிய அரசு அச்சரக்கு வெளியேறாவண்ணம் தடுத்தது; பிணக்குத் தீர்ந்தபின்னரே அது அத்திலாந்திக்கைக் கடந்தது. பீகாரின் மண்காய்ச்சிக்கும் பென்சில்வேனியப் படைவீரனுக்கும் இடையிலான உறவை இலண்டனே கட்டியும் அவிழ்த்தும் வைத்தது.

அதே போர்தான் தோட்டா செய்தலை வீட்டிலிருந்து பெயர்த்துப் பெருந்தொழிற்கூடத்தில் வைத்தது. அளந்த மருந்தையும் குண்டையும் காகிதத்திற் சுருட்டிக் கட்டும் வேலைக்குச் சிறு விரல்கள் வேண்டப்பட்டன. பிற்ஸ்பேர்க்கிலிருந்த அலெகெனிப் படைக்கலச் சாலையில் முதலிற் சிறுவர்களே இவ்வேலையைச் செய்தனர். அவர்கள் தீக்குச்சி கொண்டுவருவது ஆபத்தெனக் கூறி 1861இல் அவர்களை நீக்கிவிட்டு, இளம்பெண்களை அமர்த்தினர். இவர்களுட் பலர் ஐரிஷ் குடியேற்றத் தொழிலாளர் குடும்பத்தினர். 1862 செப்ரெம்பர் 17ஆந் திகதி பிற்பகல் அச்சாலை வெடித்தது. எழுபத்தெட்டுப் பேர் மாண்டனர்; அவர்களுட் பெரும்பாலார் பெண்களும் சிறுமியருமாவர். மரண விசாரணை மன்றம் பொறுப்பதிகாரிகளின் கவனயீனமே காரணமெனத் தீர்த்தது. படைத்துறை நடத்திய விசாரணையோ தளபதியைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அன்றைய தினமே அன்ரீற்றம் போர்க்களத்தில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தமையால் இச்செய்தி அமுங்கிப்போயிற்று. அடுத்த ஆண்டு, 1863 மார்ச் 13இல், எதிரணியின் தலைநகரான றிச்மண்டில், பிறவுண்ஸ் தீவிலிருந்த ஆய்வுகூடத்திலும் இவ்வாறே நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அங்கும் பெரும்பாலார் சிறுமியரே. அடிமைமுறையை ஒழிக்க நின்ற அரசும் காக்க நின்ற அரசும் ஏனையவற்றில் எத்துணை மாறுபட்டிருப்பினும், ஏழைப் பெண்பிள்ளையின் விரலைப் பயன்படுத்திய விதத்தில் மாறுபடவில்லை. லிச்ஃபீல்டில் வீட்டுக் கடமையாயிருந்தது எண்பத்தாறு ஆண்டுகளிற் கூலியுழைப்பாயிற்று என்பதே இங்கு மனங்கொள்ளவேண்டிய மாற்றம்.

உலோகக் கோது வந்ததும் நிலைமை இன்னுமொரு படி மாறியது. 1857இல் சிமித் அன்ட் வெசன் நிறுவனம் விற்கத் தொடங்கிய சிறு தோட்டாவிலும், 1860இன் ஹென்றித் துவக்கின் தோட்டாவிலும் தீப்பற்றும் பொருள் கோதின் விளிம்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருந்தது. சுட்டதும் விளிம்பு நசுங்கிவிடும், கோது குப்பையாகும். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு முழுத் தோட்டாவை வாங்கவேண்டிய நுகர்வோன் இவ்விடத்திற் பிறக்கிறான். 1866ஆம் ஆண்டையொட்டி, நடுவடியிற் கேப்புப் பொருத்தும் இருவகை அமைப்புகள் தோன்றின. ஒன்று பிரித்தானிய அதிகாரியான எட்வேர்ட் பொக்சருடையது. மற்றையது அமெரிக்கரான ஹிரம் பேர்டனுடையது. பேர்டன் அமைப்பில் கேப்பு வந்து மோதும் முளை கோதின் பகுதியாகவே இருக்க, தீ செல்லும் துளைகள் பக்கங்களில் அமைந்தன. பொக்சர் அமைப்பில் அம்முளை கேப்புக்குள்ளேயே இருந்தமையால், கோதின் நடுவில் ஒரு துளை போதுமாயிற்று. அத்துளையூடாக ஓர் ஊசியைச் செலுத்திப் பழைய கேப்பைத் தள்ளிவிடலாம். வரலாற்றின் விநோதமாக, அமெரிக்கரின் அமைப்பை ஐரோப்பாவும் ஆங்கிலேயரின் அமைப்பை அமெரிக்காவும் பெரிதும் ஏற்றன. பிற்காலப் பொழுதுபோக்கு அமெரிக்காவிற் செழித்தமைக்கு அந்நடுத்துளையும் ஒரு தொழினுட்பக் காரணமாகும். தேசிய குணவியல்பை மட்டும் காரணங் காட்டுவோர் இத்துளையை நோக்குவது நன்று.

இவ்வாறு மீள நிரப்பத்தக்க கோதை முதலிற் பேரளவிற் பயன்படுத்தியோர் 1870களின் காட்டெருமை வேட்டையினராவர். ஈயத்தைக் கட்டிகளாகவும் மருந்தை 25 இறாத்தல் மிடாக்களாகவும் வாங்கி, பகலிற் சுட்ட கோதுகளை இரவில் முகாமிலிருந்து நிரப்பினர். எல்லைப்புறச் சுதந்திர மனிதனின் படிமம் பெரிதும் இங்கிருந்தே பெறப்படுகிறது. ஆனால் இவர்கள் தம் உணவுக்காக வேட்டையாடிய குடியானவரல்லர். 1871ஐ அண்டிக் காட்டெருமைத் தோலைப் பதனிடும் முறை கைகூடியதும், ஆலை இயந்திரங்களை ஓட்டும் பட்டிகளுக்கு அத்தோல் பெருமளவில் வேண்டப்பட்டது. வேட்டைக்காரன் தோலைத் துண்டுக்கணக்கில் விற்றான். தோலுரிப்போருக்குக் கூலி கொடுத்தான். தோட்டாவின் செலவைக் குறைப்பதற்காகவே இரவில் நிரப்பினான். அவன் கிழக்கின் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் வழங்கிய சிறு முதலாளி. இவ்வணிகத்தின் விளைவாகச் சமவெளிப் பழங்குடியினரின் வாழ்வாதாரம் ஒரு தசாப்தத்துக்குள் அழிந்தது.

இதன்பின் கருவி விற்பனை தனித் தொழிலாயிற்று. 1884இல் நியூ ஹேவனில் ஜோன் பார்லோ நிறுவிய ஐடியல் கும்பனி, குறடு போன்ற கைக்கருவிகளையும் கைந்நூல்களையும் வெளியிட்டது. 1910இல் அது மார்லினுக்கும் 1925இல் லைமனுக்கும் கைமாறியது. ஆனால் பார்லோ கடை தொடங்கிய அதே 1884இல் பிரான்சில் போல் வியேய் புகையற்ற மருந்தை ஆக்கினார். கரிமருந்தைச் சிற்றாலையொன்றில் அரைக்கலாம்; புகையற்ற மருந்துக்கோ நைத்திரிக்கமிலமும் பஞ்சும் கரைப்பான்களும் கொண்ட இரசாயனக் கைத்தொழில் வேண்டும். கேப்பிலிருந்த இரசச் சேர்வையும் பித்தளையை நொறுங்கச் செய்து கோதின் ஆயுளைக் கெடுத்தது. வீட்டில் நிரப்புவோனுக்கு எஞ்சியது, பிறர் ஆக்கிய பகுதிகளை ஒன்றுசேர்க்கும் வேலை மட்டுமே. அப்பகுதிகளை ஆக்கியோரோ ஒருசிலர். டூபொன்றின் வெடிமருந்து ஏகபோகத்துக்கெதிராக 1907இல் தொடரப்பட்ட வழக்கின் முடிவில், 1912இல் அது ஹேர்குலிஸ், அற்லஸ் என்னும் புதிய கும்பனிகளைப் பிரித்துவிட நேர்ந்தது. எனினும் பொருளாதார நெருக்கடி மூலதனத்தை மீண்டுங் குவித்தது. 1931இல் வின்செஸ்ரர் ஒலின் குடும்பத்தாரின் கைக்கும், 1933இல் றெமிங்ரன் டூபொன்றின் கைக்கும் வந்தன.

இன்று நாம் காணும் பொழுதுபோக்கு, உண்மையில், இரண்டாம் உலகப்போரின் பிள்ளை. போர்க்காலத்திற் பொதுமக்களுக்குத் தோட்டா கிடைப்பது அரிதாயிற்று. கலிபோர்னியாவில் ஃபிரெட் ஹன்ரிங்ரன் 1943இல், விளிம்பு நசுங்கி எறியப்பட்ட சிறு தோட்டாக் கோதுகளையே குண்டின் மேலுறையாக மாற்றும் அச்சுகளைச் செய்தார். மேலே குப்பை எனக் குறிப்பிட்ட அதே கோதுகள். போர் முடிந்ததும் அரசின் உபரி வெடிமருந்தை மலிவாக வாங்கிப் புறூஸ் ஹொட்ஜ்டன் கன்சாசில் விற்றார். நெபிராஸ்காவில் ஜொய்ஸ் ஹோர்னடி 1949இற் குண்டு செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1958இல் றிச்சேட் லீ விஸ்கொன்சினில் எளிய மலிவான கைக்கருவியை வெளியிட்டார். இவற்றோடு சேர்த்துக் காணவேண்டியது ஓய்வுநேரம். 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழில் நியமச் சட்டம் 1940இல் நாற்பது மணிநேர வாரத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தது. தொழிற்சங்கங்களின் நெடும் போராட்டமின்றி அது வந்திராது. அந்த ஓய்வுநேரத்தில், புறநகர் வீட்டின் கார்க் கொட்டகையில், ஆண் ஒருவன் மேசையைப் போட்டுத் தோட்டா நிரப்பலானான். வூல்கொற் வீட்டுப் பெண்களும் அலெகெனிச் சிறுமியரும் செய்த வேலை, மூன்றாவது வடிவில், ஆணின் இன்பமாக மறுபிறவி எடுத்தது.

இன்பம் என்பதை நாம் ஏளனமாகக் கூறவில்லை. தொழிற்சாலையில் ஒரு திருகை மட்டுமே முடுக்கும் தொழிலாளி, வீட்டில் ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை தன் கண்முன் உருவாக்கிக் காண விரும்புவது இயல்பே. அந்நியமாதலின் மறுபக்கம் அது. அன்றியும் இம்மேசைகளில் உண்மையான ஆக்கத்திறனும் வெளிப்பட்டது. ஐடகோ மாநிலக் கால்நடைப் பண்ணையாளரான எல்மர் கீத் பல ஆண்டுகளாகச் செய்த பரிசோதனைகளே 1955இல் வெளிவந்த 44 மக்னம் தோட்டாவுக்கு வழிகோலின. பொழுதுபோக்கினர் வடிவமைத்து நெடுங்காலம் வழங்கிய 22-250 என்னும் தோட்டாவை றெமிங்ரன் 1965இல் தன் பெயரிட்டுச் சந்தைப்படுத்தியது. ஆய்வுச் செலவைப் பொழுதுபோக்கினர் ஏற்க, விளைச்சலை நிறுவனம் அறுத்தது.

செலவு மிச்சமாகும் என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் நியாயம். தோட்டாவில் விலைகூடிய பகுதியான பித்தளைக் கோது மீண்டும் மீண்டும் பயன்படுவதால் இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் அக்கணக்கில் நிரப்புவோனின் நேரம் பூச்சியமாகவே கொள்ளப்படுகிறது. தன் உழைப்புக்குத் தானே விலையின்மையை விதித்துக்கொள்வதாலேயே மிச்சம் தோன்றுகிறது. பணம் மிஞ்சவில்லை, அதே பணத்துக்குக் கூடுதலாகச் சுடுகிறோம் என்று இவர்களே நகைச்சுவையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. பொருளியலாளர் பலரின் விளக்கத்தினும் அது நேர்மையானது. மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற் தொகுதியிலே, ஆலையின் வெளித்திணைக்களமாக மாறிவிட்ட நவீன வீட்டுத்தொழிலைப் பழைய சுதந்திரக் கைவினையிலிருந்து வேறுபடுத்திக் காட்டியுள்ளார். தோட்டா நிரப்புவோன் அங்கு கூறப்படும் வீட்டுத்தொழிலாளியுமல்லன். அவனிடம் எவரும் தோட்டாவை வாங்குவதில்லை. ஆலைக்கு அவன் வாடிக்கையாளன். முடிக்கப்படாத பண்டத்தை வாங்கித் தன் கூலியற்ற உழைப்பால் முடித்து நுகர்பவன்.

அவன் எவ்வளவு தூரம் தங்கியிருக்கிறான் என்பதைக் கேப்பே காட்டிக்கொடுத்தது. ஈயத்தைப் பழைய சில்லுச் சமன்கட்டிகளிலிருந்தும் உருக்கலாம். கேப்பை வாங்கியே தீரவேண்டும். 2008ஆம் ஆண்டுத் தேர்தலின் பின்னரும், 2012 டிசெம்பரில் சாண்டி ஹூக் பாடசாலைப் படுகொலையை அடுத்துத் துவக்குச் சட்டம் இறுகுமென்ற அச்சம் எழுந்தபோதும், 2020இன் பெருந்தொற்றுக் காலத்திலும் கடைகளிற் கேப்பு மறைந்தது. சட்டம் தன்னளவில் இவர்களைப் பெரிதும் தொட்டதில்லை. 1968ஆம் ஆண்டின் துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் கோது, கேப்பு, குண்டு, மருந்து யாவற்றையும் தோட்டா என்ற வரைவிலக்கணத்துள் அடக்கியபோதும், தனக்கென நிரப்புவோன் அனுமதிப்பத்திரம் பெறவேண்டியிருக்கவில்லை. விற்பனைப் பதிவு விதிகளும் 1986இல் பெரிதும் தளர்த்தப்பட்டன. அரசு கதவைத் தட்டுமென்று அஞ்சியே அவர்கள் கேப்பைக் குவித்தனர். குவித்தமையாலேயே அது இல்லாமற் போயிற்று. தட்டுப்பாட்டின்போது ஆலைகள் தம் கேப்புகளை முதலில் தம் முழுத் தோட்டாக்களுக்கே ஒதுக்கிக்கொண்டன. அமெரிக்காவிற் பேரளவிற் கேப்புச் செய்த பெயர்பெற்ற நான்கு வணிகக்குறிகளுள் சீசீஐ, ஃபெடரல், றெமிங்ரன் ஆகிய மூன்றும் 2020க்குள் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டன. 2024 நவம்பரில் அம்மூன்றும் சேர்ந்தே செக் நாட்டுப் படைக்கல முதலாளியக் குழுமமொன்றுக்கு விற்கப்பட்டன. எல்லைப்புற மனிதனின் தன்னிறைவு இப்போது பிராக் நகரத்திலிருந்து வழங்கப்படுகிறது.

ஈயத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். குண்டு வார்க்கும்போது எழும் புகையும் கழிவும், சுட்ட கோதுகளைத் துப்புரவாக்குகையில் எழும் தூசியும் ஈயம் கலந்தவை. அவை உடையிலும் கையிலும் ஒட்டி, கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் வருகின்றன. சிறுபிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் கூடுதலாகக் காணப்படும்போது, வீட்டில் எவரேனும் குண்டு வார்ப்பதுண்டா என அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் விசாரிப்பது வழக்கமாகிவிட்டது.