ஜாயா கடந்து வந்த தூரம்

"சேர், ஜாயா எங்களுக்கு என்ன எடுத்துத் தந்தார்?"

தரம் பதினொன்றில் சோல்பரி அரசியலமைப்பைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் கேட்டான். நல்லவேளையாக மணியடித்தது. அதையே சாட்டாக வைத்து வகுப்பை விட்டு வெளியேறினேன். ஆசிரிய கலாசாலையில் நான் கற்றது ஆண்டுகளை வரிசைப்படுத்தும் முறை. இந்தக் கேள்விக்கு அது போதவில்லை.

அடுத்த விடுமுறையில் கொழும்புக்குப் போனேன். வெள்ளவத்தையில் சாச்சா வீட்டில் தங்கி, தமிழ்ச் சங்க நூலகத்தில் இரண்டு நாட்கள் இருந்தேன். மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து முகத்துவாரம் வரை நடந்தேன். மர்ஹூம் ரி. பீ. ஜாயா கற்ற சென் தோமஸ் கல்லூரி, 1918இல் கல்கிசைக்கு மாறும் வரை அங்கேதான் இருந்தது. 1890இல் கலகெதரையில் பிறந்த மலாய்ப் பிள்ளை இந்தக் கடற்காற்றையும் சுவாசித்திருக்கிறது என்று எண்ணியபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜாயா அரசியலுக்கு வருமுன் ஆசிரியர். அதிலும் கண்டி தர்மராஜ, கொழும்பு ஆனந்த ஆகிய பௌத்தப் பாடசாலைகளில் படிப்பித்தவர். 1915இல் சிங்கள - முஸ்லிம் கலவரம் நாட்டைப் புண்ணாக்கிய காலம் அது. 1921இல் மருதானை ஸாஹிராவின் அதிபரானார். 1892இல் அறிஞர் சித்திலெப்பையும் வாப்பிச்சி மரைக்காரும் இட்ட வித்து, அவர் காலத்திலேதான் பெருமரமாயிற்று.

1924இல் சட்டசபைக்குச் சென்றபோது அவர் ஒரு சமூகத்தின் பிரதிநிதி. முஸ்லிம்கள் மட்டுமே வாக்களித்துத் தெரிந்த மூவரில் ஒருவர். அன்று அவருடைய கவலை சமூகத்தின் ஆசனங்களைப் பற்றியது. அது வீண் கவலையல்ல. 1928இல் டொனமூர் அறிக்கை இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கச் சொன்னது. 1931இல் சர்வசன வாக்குரிமையோடு நடந்த தேர்தலில் மட்டக்களப்பு தெற்கிலிருந்து மாக்கான் மாக்கார் ஒருவரே முஸ்லிமாகத் தெரிவானார். 1936இல் அந்த ஒருவரும் இல்லை. ஜாயாவே நியமன உறுப்பினராகத்தான் அரசாங்க சபைக்குள் வந்தார்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்ளினைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். அவரும் பிறக்கும்போதே சுதந்திரவாதியல்லர். 1754இல் குடியேற்றங்களை ஒன்றிணைக்கத் திட்டம் தீட்டியபோதும் அதைப் பிரித்தானிய முடியின் கீழேயே தீட்டினார். பல வருடங்கள் லண்டனிலிருந்து சமரசம் பேசினார். 1774 ஜனவரியில் கோமறைக் கழகத்தின் முன் அவரை நிறுத்தி வைத்து அவமதித்தார்கள். இரண்டு வருடங்களின் பின் சுதந்திரப் பிரகடனத்தில் அவரது கையொப்பம் விழுந்தது.

பிராங்ளின் நம்பிக்கை உடைந்து மாறினார். ஜாயாவின் வழி வேறு. அவருடைய அச்சத்துக்குக் காரணமானவை அப்படியே இருக்க, அவர் நம்பத் துணிந்தார். 1945 நவம்பரில் சோல்பரி வெள்ளையறிக்கையை ஏற்கும் பிரேரணையை டீ. எஸ். சேனநாயக்க கொண்டுவந்தபோது 51 பேர் ஆதரித்தனர், மூவர் எதிர்த்தனர். ஜாயா ஆதரித்தார். ஐம்பதுக்கு ஐம்பது கேட்டவர்களோடு சேர்ந்து பேரம் பேச அவருக்கு வழியிருந்தது. நாட்டின் விடுதலைக்கு எங்கள் சமூகம் தடையாக நின்றது என்ற பேச்சு வரலாற்றில் வரக்கூடாது என்பதே அந்த வாக்கின் பொருள் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

பதிலுக்குக் கிடைத்தது என்ன? அந்த யாப்பின் 29ஆம் பிரிவில், ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பாரபட்சம் காட்டும் சட்டம் செல்லாது என்ற ஒரு வாசகம். 1972இன் புதிய யாப்பில் அதுவும் இல்லாமற் போயிற்று. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலையகத் தமிழரைப் பெருவாரியாக நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சராக ஜாயா அமர்ந்திருந்தார். தன் சமூகத்தின் அச்சத்தைத் தாண்டியவர் அடுத்த சமூகத்தின் அச்சத்துக்கு என்ன பதில் சொன்னார் என்று கேட்க எங்களுக்கு உரிமையுண்டு. பெரியாரைப் போற்றுவது என்றால் அவரைக் கேள்வி கேட்காமல் விடுவதல்ல.

1950இல் பாகிஸ்தானுக்கு உயர்ஸ்தானிகராகச் சென்றார். 1960இல் மதீனா மாநகரில் வபாத்தானார்.

பாடசாலை தொடங்கியதும் அந்த மாணவனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, அவர் எங்களுக்கு எடுத்துத் தரவில்லை. எங்கள் பேரில் நாட்டுக்குக் கொடுத்தார்" என்றேன்.

அவன் சற்று யோசித்தான்.

"அப்ப கொடுத்ததுக்குக் கணக்குக் கேக்கலாம்தானே சேர்?"

"கேட்கலாம்" என்றேன். "கொடுத்தவன் தலை நிமிர்ந்து கேட்கலாம்."

இந்த முறை மணியடிக்கும்வரை வகுப்பிலேயே இருந்தேன்.